கோடுகளில் திரும்பும் பால்யம்

அந்தமானின் சிப்பிகாட்டில் 2004-ல் கடல் விழுங்கிய வயல்களை இனி எந்தக் கேமராவும் படம்பிடிக்க முடியாது. அங்கு ஓடியாடிய குழந்தைகளின் நினைவை மீட்க ஒரு வழி இருக்கிறது. கையால் வரையும் அனிமேஷன் அதை உலகின் பல மூலைகளில் செய்து காட்டியிருக்கிறது.

2024-ல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய போர்ட் பிளேரிலிருந்து வண்டூர் கடற்கரைக்குப் போகும் சாலையில், சுமார் 14 கி.மீ. தொலைவில் இருக்கிறது சிப்பிகாட். பெயரைக் கேட்டால் தமிழ்க் காதில் சிப்பி விழும். இந்திக்காரர் காதில் சீப்பி விழும். இரண்டுக்கும் பொருள் ஒன்றே. கிராம்பு, ஜாதிக்காய், பட்டை, மிளகு விளையும் அரசுப் பண்ணையைப் பார்க்கச் சுற்றுலாப் பயணிகள் இங்கு வருவதுண்டு. பசிபிக் தீவுகளிலிருந்து கொண்டுவந்த தென்னை இனங்களைக் காக்கும் மையமும் இங்கேதான். இப்போது பறவை பார்ப்பவர்களும் பைனாகுலரோடு வருகிறார்கள். சாலையோரம் பரந்து கிடக்கும் நீர்ப்பரப்பில் கொக்குகள் நிற்கின்றன. அந்தமானுக்கே உரிய வாத்து இனத்தையும் பார்க்கலாம்.

அந்த நீர்ப்பரப்பு இயற்கை அழகு என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல்: 2004 டிசம்பர் 26-க்கு முன் அதில் பெரும்பகுதி வயலும் தோப்பும்.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. காலை 6.29-க்கு சுமத்ராவுக்கு அருகே கடலடியில் 9.1 அளவை எட்டிய பூகம்பம். அலைகள் வந்து போனதோடு கதை முடியவில்லை. அந்தமான் தீவுக்கூட்டமே ஒரு பலகை போலச் சாய்ந்தது. வடக்கு அந்தமானில் நிலம் உயர்ந்து பவளப்பாறைகள் வெயிலில் காய்ந்தன. தெற்கே நிலம் தாழ்ந்தது. போர்ட் பிளேர் வட்டாரத்தில் தாழ்ச்சி ஏறக்குறைய ஒரு மீட்டர். தென்கோடியான இந்திரா முனையில் நான்கு மீட்டருக்கும் மேல். ஒரு மீட்டர் என்பது கேட்கச் சிறிய அளவுதான். ஆனால் சிப்பிகாட் போன்ற தாழ்நிலத்தில் அது போதுமானதாக இருந்தது. சுனாமி வடிந்த பிறகும் ஒவ்வொரு ஏற்றத்துக்கும் கடல் உள்ளே வந்தது. உப்பேறிய நிலத்தில் மரங்கள் நின்றபடியே பட்டுப்போயின.

அன்று ஐந்தாறு வயதாக இருந்த குழந்தைகள் இன்று இருபதுகளின் பிற்பகுதியில் இருக்கிறார்கள். சொந்த ஊரைவிட்டுப் பிழைக்கப் போன எவரும் ஒருநாள் திரும்பிப் போய், பழைய வரப்பில் நடந்து, "இங்கேதான் விழுந்தேன்" என்று பிள்ளைக்குக் காட்ட முடியும். இவர்களால் அது முடியாது. ஊர் இருக்கிறது, சாலை இருக்கிறது, வரப்பு இல்லை. செல்போனில் கேமரா பரவாத காலம் அது. எடுத்த சில புகைப்படங்களும் கல்யாண ஆல்பங்களில் இருந்தன; வயலை யார் படம் எடுப்பார்கள்? ஆக, அந்த நிலத்தின் படம் இப்போது இருக்கும் இடம் சில மனிதர்களின் தலைக்குள் மட்டும்.

தலைக்குள் இருப்பதை எப்படிப் படமாக்குவது? இந்தக் கேள்விக்கு ஒரு நூற்றாண்டாகப் பதில் சொல்லி வருகிறது பென்சில்.

கேமரா இல்லாத இடத்தில்

1915 மே 7 அன்று அயர்லாந்துக் கடலோரம் 'லூசிடானியா' என்ற பயணிகள் கப்பலை ஜெர்மானிய நீர்மூழ்கி தாக்கியது. 18 நிமிடங்களில் கப்பல் மூழ்கிச் சுமார் 1,200 பேர் இறந்தார்கள். அந்தக் காட்சியை எந்தக் கேமராவும் பதிவு செய்யவில்லை. அமெரிக்கப் பத்திரிகை ஓவியர் வின்ஸர் மெக்கே அதை வரைய உட்கார்ந்தார். இரண்டு ஆண்டுக்குச் சற்றுக் குறைவான காலத்தில் சுமார் 25,000 ஓவியங்கள். 1918-ல் வெளியான அந்தப் படத்தைத்தான் முதல் அனிமேஷன் ஆவணப்படம் என்கிறார்கள். வால்ட் டிஸ்னியின் மிக்கி மவுஸ் பிறப்பதற்குப் பத்து ஆண்டுகள் முன்பே, அனிமேஷன் சிரிக்க வைக்க மட்டும் அல்ல என்பது தெரிந்துவிட்டது.

கையால் வரையும் அனிமேஷனின் அடிப்படை மாறவில்லை. திரையில் ஒரு விநாடிக்கு 24 ஃப்ரேம்கள் ஓடுகின்றன. ஒரு ஓவியத்தை இரண்டு ஃப்ரேமுக்கு வைத்துக்கொண்டால் விநாடிக்கு 12 ஓவியங்கள் போதும். அடியில் விளக்கு எரியும் கண்ணாடிப் பலகை மேல் தாளை வைத்து, அதன் மேல் இன்னொரு தாளை வைத்து, கீழே தெரியும் கோட்டைவிட ஒரு நூல் தள்ளி அடுத்த கோட்டை இழுக்கிறார் ஓவியர். தாள்கள் நகராமலிருக்க ஓரத்தில் துளையிட்டு ஒரு பட்டையில் மாட்டுகிறார்கள். அவ்வளவுதான் தொழில்நுட்பம். மீதி பொறுமை.

இதில் ஒரு விசேஷம் உண்டு. எவ்வளவு கைதேர்ந்தவரானாலும் ஒரே கோட்டை அச்சு அசலாக இரண்டு முறை இழுக்க முடியாது. அதனால் அசையாமல் நிற்கும் உருவத்தை மறுபடி மறுபடி வரைந்து ஓட்டினால் கோடு லேசாகத் துடிக்கும். தொழிலில் இதைக் கோட்டின் கொதிப்பு என்கிறார்கள். பெரிய ஸ்டூடியோக்கள் இதைக் குறையாகக் கருதித் துடைத்தெடுக்கப் பாடுபட்டன. நினைவைப் படமாக்க வந்தவர்களோ அதை வேண்டுமென்றே விட்டுவைத்தார்கள். காரணம், நினைவும் இப்படித்தான் வேலை செய்கிறது.

ஒவ்வொரு முறையும் புதிய ஓவியம்

நினைவு என்பது அலமாரியில் வைத்த புகைப்படம் என்றே பெரும்பாலோர் நம்புகிறார்கள். கேம்பிரிட்ஜ் உளவியலாளர் ஃப்ரெடரிக் பார்ட்லெட் 1932-ல் வெளியிட்ட நூலிலேயே அந்த நம்பிக்கையை உடைத்தார். பழக்கமில்லாத ஒரு செவ்விந்தியக் கதையைப் படிக்கக் கொடுத்து, இடைவெளி விட்டுவிட்டுத் திருப்பிச் சொல்லச் சொன்னார். ஒவ்வொரு முறையும் கதை சுருங்கியது. புரியாத பகுதிகள் கழன்றன. தெரிந்த உலகத்தின் சாயல் ஏறியது. நினைவுகூர்வது என்பது எடுத்துப் பார்ப்பதல்ல, மறுபடி கட்டுவது என்று முடிவு கட்டினார் அவர்.

1986 ஜனவரி 28-ல் சாலஞ்சர் விண்கலம் வெடித்த மறுநாள், அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் உல்ரிக் நைசர் என்ற பேராசிரியர், செய்தியை எங்கே எப்படிக் கேட்டார்கள் என்று மாணவர்களை எழுதச் சொன்னார். இரண்டரை ஆண்டு கழித்து அதே கேள்வி. கால்வாசிப் பேரின் பதிலில் ஒரு விவரம்கூட முன்பு எழுதியதோடு பொருந்தவில்லை. ஆனால் தாங்கள் சொல்வது சரி என்பதில் பலருக்குச் சந்தேகமே இல்லை. டி.வி.யில் பார்த்ததாகவே பலர் நினைத்துக்கொண்டார்கள். உண்மையில் நண்பர் சொல்லித்தான் கேட்டிருந்தார்கள்.

2000-ல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் கரீம் நாடெர் குழுவினர் எலிகளிடம் நடத்திய சோதனை இன்னும் ஒரு படி உள்ளே போனது. உறைந்துபோன பழைய பயத்தின் நினைவைக் கிளறினால் அது மறுபடி இளகிவிடுகிறது. திரும்ப உறைய மூளை புதிதாகப் புரதம் தயாரிக்க வேண்டியிருக்கிறது. அதாவது ஒவ்வொரு முறை நினைக்கும்போதும் பழைய கோட்டின் மேல் ஒரு புதிய தாள்.

குழந்தைப் பருவத்துக்கு இது இன்னும் பொருந்தும். பெரும்பாலானவர்களின் முதல் நினைவு மூன்று, மூன்றரை வயதுக்குப் பிறகே தொடங்குகிறது. அதன் பிறகும் முழுக் காட்சி இருப்பதில்லை. பாட்டியின் முகம் மங்கிவிடும், பாட்டியின் சுருக்குப்பை தெளிவாக இருக்கும். தெரு மறந்துவிடும், தெருமுனைக் குழாயின் சத்தம் மறக்காது. அளவுகளும் தாறுமாறு: சின்னக் கிணறு கடலாகவும், சாதாரண வாத்தியார் ராட்சசராகவும் நிற்பார்கள்.

நடிகர்களை வைத்து எடுக்கும் படத்தில் இதைக் காட்டுவது கஷ்டம். ஒரு குழந்தை நட்சத்திரத்தை நிறுத்திப் பழைய வீட்டு செட்டைப் போட்டால், திரையில் எல்லாமே சம அளவில் தெளிவாகத் தெரியும். நினைவில் இல்லாத சுவரும் செட்டில் இருந்தாக வேண்டும். ஓவியருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. நினைவில்லாத சுவரை அவர் வரையாமல் விட்டுவிடலாம்.

இன்னொன்றும் உண்டு. புகைப்படம் சாட்சிக் கூண்டில் ஏறி "இப்படித்தான் நடந்தது" என்கிறது. ஓவியத்தைப் பார்த்து யாரும் அப்படி ஏமாறுவதில்லை. ஒருவர் தன் நினைவைச் சொல்கிறார் என்று பார்க்கும்போதே தெரிகிறது. நினைவு தவறக்கூடியது என்பதை ஒப்புக்கொண்டே பேசும் கலை இது. அதுதான் இதன் நேர்மை.

ஒரு மிட்டாய் டப்பா, ஒரு அன்னாசி

இதை ஜப்பானியர்கள் அளவுக்குப் பயன்படுத்திக்கொண்டவர்கள் குறைவு. 1945 ஜூன் 29 விடியற்காலையில் ஒகாயாமா நகரத்தின் மேல் அமெரிக்க விமானங்கள் தீக்குண்டு பொழிந்தபோது ஓடித் தப்பியவர்களில் ஒன்பது வயது இஸாவோ தகஹாட்டாவும் ஒருவர். 43 ஆண்டுகள் கழித்து, 1988-ல், 'கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃப்ளைஸ்' படத்தை அவர் இயக்கினார். அகியுகி நோசாகா தன் சொந்த இழப்பைத் தழுவி எழுதிய கதை அது. போரில் தாயை இழந்த 14 வயது அண்ணனும் 4 வயதுத் தங்கையும் பட்டினியோடு போராடுகிறார்கள். குண்டு வீச்சைவிடப் பார்ப்பவர் மனதில் தங்குவது ஒரு தகர டப்பா. சக்குமா என்ற பழரச மிட்டாய் டப்பா. மிட்டாய் தீர்ந்ததும் அதில் தண்ணீர் ஊற்றிக் குலுக்கிக் குடிக்கிறது குழந்தை. அந்த மிட்டாயைத் தயாரித்துவந்த கம்பெனி 2023 ஜனவரியில் மூடப்பட்டது. டப்பா படத்தில் இருக்கிறது.

அதே நாளில், அதே டிக்கெட்டில், இரட்டைப் படமாக வெளியானது ஹயாவோ மியாசாகியின் 'மை நெய்பர் டோட்டோரோ'. அம்மா ஆஸ்பத்திரியில் கிடக்க, இரண்டு சிறுமிகள் கிராமத்து வீட்டில் காத்திருக்கிறார்கள். மியாசாகியின் தாயாரும் முதுகெலும்புக் காசநோயால் ஆண்டுக்கணக்கில் படுக்கையில் இருந்தவர். படத்தில் அம்மாவின் நோயைப் பற்றிப் பெரியவர்கள் அதிகம் பேசுவதில்லை. பயம் முழுவதும் குழந்தைகளின் கால்களில் இருக்கிறது: ஓடுவதில், தடுக்கி விழுவதில், செருப்பில்லாமல் நடப்பதில்.

நினைவு என்ற விஷயத்தையே கதையாக்கிய படம் 1991-ல் வந்தது. தகஹாட்டாவின் 'ஒன்லி எஸ்டர்டே'. தைகோ என்ற 27 வயது அலுவலகப் பெண் விடுமுறைக்குக் கிராமம் போகிறாள். கூடவே அவளுடைய பத்து வயது ரயிலில் ஏறிக்கொள்கிறது. நிகழ்காலக் காட்சிகள் முகத்துச் சதைக்கோடுகள் வரை நுணுக்கமாக, நல்ல வண்ணத்தில் இருக்கின்றன. பழைய காட்சிகளோ வெளிறிய நீர்வண்ணத்தில், ஓரங்கள் கரைந்து வெள்ளைத் தாளாகவே விடப்பட்டிருக்கின்றன. அந்த வெள்ளையில்தான் தகஹாட்டாவின் மேதைமை. நினைவு எங்கே முடிகிறதோ அங்கே ஓவியமும் முடிகிறது.

அந்த வெளிறிய பகுதியில் பெரிய சம்பவங்கள் இல்லை. வீட்டுக்கு முதல்முதலாக ஓர் அன்னாசிப்பழம் வருகிறது. எப்படி வெட்டுவது என்று யாருக்கும் தெரியவில்லை. ஒருவழியாக வெட்டித் தின்றால் எதிர்பார்த்த இனிப்பு இல்லை. மற்றவர்கள் தட்டைத் தள்ளிவிட, சிறுமி பிடிவாதமாக மென்றுகொண்டிருக்கிறாள். இதில் என்ன கதை என்று கேட்கலாம். ஆனால் ஆசைப்பட்டது ஏமாற்றும்போது குழந்தையின் முகத்தில் ஓடுவதை இவ்வளவு துல்லியமாகக் காட்டிய படங்கள் அபூர்வம்.

ஒரு தற்செயல்: சிப்பிகாட்டில் கடல் உள்ளே வந்த காலையில் ஐந்தாறு வயதாக இருந்தவர்கள் இப்போது தைகோவின் வயதை ஒட்டி நிற்கிறார்கள்.

இந்தியக் கைகள்

இந்தக் கலைக்கு இந்தியாவில் ஆள் இல்லை என்று சொல்ல முடியாது. டிஸ்னி ஸ்டூடியோவில் 'பாம்பி' போன்ற படங்களில் வேலை செய்த கிளேர் வீக்ஸ், 1956-ல் பம்பாய் ஃபிலிம்ஸ் டிவிஷனுக்கு வந்து கார்ட்டூன் பிரிவில் இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். ஜாதகக் கதை ஒன்றை வைத்து 'தி பன்யன் டியர்' என்ற மான் கதை உருவானது. அந்தப் பட்டறையில் தேறியவர்களில் ஒருவர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்த ராம் மோகன். பிற்பாடு இந்திய அனிமேஷனின் தந்தை என்று அழைக்கப்பட்டவர். 2014-ல் பத்மஸ்ரீ பெற்று, 2019-ல் காலமானார். யூனிசெஃபுக்காக 1990-களில் அவர் உருவாக்க உதவிய 'மீனா' என்ற சிறுமி, மித்து என்ற கிளியோடு தெற்காசியா முழுவதும் பள்ளிக்கூடங்களில் நுழைந்தாள். வங்கதேசத்திலும் நேபாளத்திலும் பாகிஸ்தானிலும் இந்தியாவிலும் ஒவ்வொரு குழந்தையும் தன் ஊர்ப் பெண்ணாகவே நினைக்கும்படி அவள் முகத்தையும் உடையையும் அமைத்தார்கள்.

தூர்தர்ஷன் காலத்துப் பிள்ளைகளுக்கு இன்னொன்று நினைவிருக்கும்: விஜயா முலே இயக்கி, பீம்சேன் வரைந்த 1974-ஆம் ஆண்டு 'ஏக் அனேக் ஔர் ஏக்தா'. இந்தி தெரியாத தமிழ் வீடுகளிலும் பாட்டை முணுமுணுக்க வைத்தது அந்தக் குட்டிப்படம். ஆனால் இவை எல்லாம் குழந்தைகளுக்காகப் பெரியவர்கள் சொன்ன பாடங்கள். குழந்தைப் பருவத்தின் நினைவையே பொருளாகக் கொண்ட படங்கள் பின்னால்தான் வந்தன.

நினா சப்னானியின் 'முகுந்த் அண்ட் ரியாஸ்' 2005-ல் வந்தது. 1947-ல் கராச்சியில் இரண்டு சிறுவர்களின் நட்பு. தன் தந்தையின் நினைவிலிருந்து எடுத்தது. துணி ஒட்டுவேலையின் தோற்றத்தில் உருவங்கள் நகர்கின்றன. எல்லைக் கோடு, தலைவர்கள், பேச்சுவார்த்தை எதுவும் பெரிதாக இல்லை. விளையாட்டு, ஒரு தொப்பி, பிரிவு. பிறகு அதைச் சென்னையின் தூலிகா பதிப்பகம் படக்கதைப் புத்தகமாகவும் கொண்டுவந்தது.

2009-ல் நினா சப்னானி இன்னும் ஒரு படி போனார். 'டாங்கோ போலே சே', அதாவது தையல் பேசுகிறது. தார் பாலைவனத்தின் அந்தப் பக்கத்திலிருந்து 1971 போரை ஒட்டிக் கட்ச் பகுதிக்கு வந்து குடியேறிய கைவினைக் கலைஞர்கள் தங்கள் கதையைச் சொல்கிறார்கள். ஊர் இழந்தது, 2001 பூகம்பம், மறுபடி கட்டிக்கொண்ட வாழ்க்கை. திரையில் அசையும் உருவங்களும் அவர்களே துணியில் தைத்தவை. நினைவும் அவர்களுடையது, கையும் அவர்களுடையது. பேரிடர் பார்த்த எந்த ஊருக்கும் இது ஒரு முன்மாதிரி.

கீதாஞ்சலி ராவ் தனியொருத்தியாக வரைந்து தீட்டிய 'பிரிண்டட் ரெயின்போ' 2006-ல் கான் திரைப்பட விழாவின் விமர்சகர் வாரத்தில் பரிசுகளை அள்ளியது. பேச்சே இல்லாத 15 நிமிடப் படம். சாம்பல் நிற நகரத்தில் ஒரு மூதாட்டி, ஒரு பூனை, அவர் சேர்த்துவைத்த தீப்பெட்டிகள். ஒவ்வொரு பெட்டியின் அட்டைப்படமும் ஒரு வண்ண உலகத்துக்கு வாசல். சிவகாசி, கோவில்பட்டி வட்டாரத்துத் தீப்பெட்டி அட்டைகளைச் சேர்த்துவைத்து விளையாடிய தமிழ்ப் பிள்ளைகளுக்கு இதை விளக்கவே தேவையில்லை.

பக்கத்து மாநிலத்திலிருந்து அண்மைய உதாரணம் 'கண்டிட்டுண்டு'. பி.என்.கே. பணிக்கர் என்ற முதியவர், குட்டிச்சாத்தான் முதல் ஈனாம்பேச்சி வரை, தான் கண்ட பேய்களைப் பற்றி மலையாளத்தில் சாவகாசமாகச் சொல்கிறார். கறுப்பு வெள்ளைக் கோடுகளில் அதிதி கிருஷ்ணதாஸ் அதை ஓடவிடுகிறார். பேய் உண்டா இல்லையா என்ற விவாதத்தில் படம் இறங்குவதே இல்லை. அந்தக் காலத்து இருட்டும், இருட்டில் நடந்த பையனின் பயமும் உண்மை, அது போதும். 2021-ஆம் ஆண்டின் சிறந்த அனிமேஷன் படத்துக்கான தேசிய விருது அதற்குக் கிடைத்தது.

மேலே சொன்னவற்றில் பல, சொல்ல ஒரு வயதானவர், வரைய ஒரு இளையவர் என்ற கூட்டணியில் உருவானவை. கூட்டணி தள்ளிப்போனால் கதை போய்விடும்.

நிலம் நீரான ஊர்

2000-ஆம் ஆண்டுக்கான ஆஸ்கர் பெற்ற 'ஃபாதர் அண்ட் டாட்டர்' என்ற எட்டு நிமிடப் படம் சிப்பிகாட்டோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது. டச்சு ஓவியர் மைக்கேல் டுடாக் டெ விட் இயக்கியது. ஏரிக்கரையில் மகளிடம் விடைபெற்றுப் படகில் ஏறிப் போகிறார் தந்தை. திரும்பவில்லை. மகள் சைக்கிளில் கரைக்கு வருகிறாள். சிறுமியாக, குமரியாக, தாயாக, கிழவியாக. ஒரு வார்த்தை பேச்சு இல்லை. கடைசியில் நீர் வற்றி, புல் முளைத்த நிலத்தில் அவள் இறங்கி நடக்கிறாள்.

அங்கே நீர் நிலமானது. சிப்பிகாட்டில் நிலம் நீரானது. பழுப்பு நிறத்தில் கொஞ்சம் கரிக்கோடும் நிழலும் வைத்து டெ விட் செய்ததை, பச்சையும் நீலமும் வைத்து இங்கே செய்யலாம். நடந்துபோன வரப்பின் மேல் படகு போகும் காட்சியை எந்த செட்டிலும் போட முடியாது. தாளில் அது ஒரே ஒரு கரைதல்.

மொழியில்லாமல் பேசும் வசதி அந்தமானுக்கு ஒரு வரம். இங்கு பள்ளியிலும் கடைத்தெருவிலும் இந்தியே பொதுப்பேச்சு. வீட்டுக்குள் நுழைந்தால் தமிழ், வங்காளம், தெலுங்கு, மலையாளம், ராஞ்சியிலிருந்து வந்தவர்களின் சாத்ரி. பிரிவினைக்குப் பின் 1949 முதல் கிழக்கு வங்காள அகதிகள் இங்கே குடியமர்த்தப்பட்டார்கள். 1964-ன் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தின் கீழ் இலங்கையிலிருந்து திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் சில, நிகோபாரின் கச்சால் தீவில் ரப்பர் தோட்டத்துக்கு அனுப்பப்பட்டன. சுனாமி கடுமையாகத் தாக்கிய தீவுகளில் கச்சாலும் ஒன்று. அத்தகைய குடும்பங்களில் தாத்தாவுக்கு ஒரு தொலைந்த ஊர், பேரனுக்கு இன்னொன்று. ஒரே தாளில் இரண்டையும் வரையலாம்.

பணம்? கணக்குப் பார்ப்போம். விநாடிக்கு 12 ஓவியம் என்றால் நிமிடத்துக்கு 720. ஐந்து நிமிடப் படத்துக்கு 3,600. ஏழெட்டு ரீம் தாள். ஒருவர் நாளைக்கு இருபது தாள் வரைந்தால் ஆறு மாதம். ஒரு வகுப்பில் முப்பது பிள்ளைகள் ஆளுக்கு நான்கு தாள் வரைந்தால் ஒரே மாதம். அசையாத காட்சிகளும் திரும்ப வரும் அசைவுகளும் இந்த எண்ணிக்கையைக் குறைக்கும். விளக்குப் பலகைக்குக் கண்ணாடியும் டியூப்லைட்டும் போதும். படம் பிடிக்க ஒரு செல்போனும் ஸ்டாண்டும். தொலைக்காட்சித் தொடர்களில் ஒருமுறை வரைந்த கையையும் காலையும் கம்ப்யூட்டரில் பொம்மலாட்டம்போல் திரும்பத் திரும்ப ஆட்டுகிறார்கள். வாரம் ஒரு எபிசோட் தர அதுவே வழி. ஆனால் நினைவைச் சொல்ல வருகிறவருக்கு அந்த அவசரம் இல்லை. மெதுவாக வரைவதே அவருக்கு வேலையின் பாதி. ஒரு அசைவை நூறு முறை வரையும்போது, அப்பா எந்தக் கையில் குடை பிடித்திருந்தார் என்பது எழுபதாவது தாளில் ஞாபகம் வரலாம்.

கிளறுவதில் உள்ள ஆபத்து

சுனாமிக்குப் பிறகு பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் அந்தமான் முகாம்களில் மனநலப் பணி செய்தார்கள். பேரிடர் முகாம்களில் குழந்தைகளிடம் தாளும் கலர் பென்சிலும் கொடுப்பது உலகெங்கும் வழக்கம். இரண்டாம் உலகப் போரில் டெரெசின் முகாமில் அடைக்கப்பட்ட யூதக் குழந்தைகளுக்கு ஃப்ரீடில் டிக்கர் பிராண்டைஸ் என்ற ஓவியர் ரகசியமாக வகுப்பு எடுத்தார். அவர் அவுஷ்விட்ஸில் கொல்லப்பட்டார். பெட்டிகளில் ஒளித்து வைத்த சுமார் 4,500 ஓவியங்கள் பிழைத்து, இன்று பிராக் நகர அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவற்றில் முள்வேலியும் உண்டு, பட்டாம்பூச்சியும் உண்டு. எதை வரைவது என்பதைக் குழந்தைகளே முடிவு செய்தார்கள்.

அந்த உரிமை முக்கியம். அதிர்ச்சிக்கு ஆளானவர்களை உட்கார்த்தி வைத்து ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொல்ல வைப்பது பின்னாளைய மனநோயைத் தடுப்பதில்லை என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சிலருக்குக் கெடுதலும் செய்யலாம். "அலையை வரை" என்று குழந்தையிடமோ, அன்று குழந்தையாக இருந்தவரிடமோ கட்டளையிடுவது அதே வகை. அவருக்கு அலையைவிட, அதற்கு முதல் நாள் பிடித்த மீன் முக்கியமாக இருக்கலாம். நினைவு கிளறப்படும்போது இளகுகிறது என்றால், அருகில் இருப்பவர் கை பதமாக இருக்க வேண்டும். அனிமேஷன் மருந்து அல்ல. அதைச் சிகிச்சை என்று விற்பவர்களிடம் எச்சரிக்கை தேவை.

ஆனால் சும்மா இருப்பதிலும் நஷ்டம் உண்டு. 2004-க்குப் பிறகு ஆண்டுதோறும் டிசம்பர் கடைசியில் டி.வி.யில் அதே சில வீடியோத் துண்டுகள் ஓடுகின்றன. பெரும்பாலும் வேறு கடற்கரைகளில், வேறு யாரோ எடுத்தவை. சாலஞ்சர் மாணவர்களின் அனுபவத்தை வைத்துப் பார்த்தால், பார்த்துப் பார்த்து அவையே சொந்த நினைவாகவும் மாறிவிடக்கூடும். சிப்பிகாட்டுக் கடல் கரையை உடைத்து வந்தது ஒருநாள். அதன் பிறகு நாள்தோறும், ஏற்றம் தவறாமல், சத்தமில்லாமல் வந்தது. வீடியோவில் அது இல்லை. அது தெரிந்தவர்கள் அங்கே வளர்ந்தவர்கள்தான்.

அவர்கள் இன்று வேலைக்குப் போகிறார்கள், கல்யாணம் செய்துகொள்கிறார்கள், பிள்ளை பெறுகிறார்கள். தண்ணீரைக் காட்டி "இங்கே என்ன இருந்தது?" என்று அந்தப் பிள்ளைகள் கேட்கும் வயது நெருங்குகிறது. வாயால் சொன்னால் ஒரு நிமிடம். வரைந்து காட்ட, ஒரு நிமிடத்துக்கு 720 தாள். அத்தனை தாளும் முடிவதற்குள், கேட்ட பிள்ளைக்கும் அந்த வயலில் ஒரு வரப்பு சொந்தமாகியிருக்கும்.